குன்பெய் யோகோய்

ஜப்பானின் கியோத்தோ நகரிலே 1941-ஆம் ஆண்டு பிறந்தவர் குன்பெய் யோகோய். மின்னணுவியல் பயின்ற அவருக்கு 1965-இல் நிண்டெண்டோ நிறுவனத்தில் கிடைத்த வேலை, சீட்டுக்கட்டு செய்யும் பொறிகளைப் பராமரிப்பது. ஓய்வு வேளையில் அவர் செய்த நீளும் கைப்பொம்மை தலைவரின் கண்ணில் பட்டது. பொறி பார்த்தவர் பொம்மை செய்பவரானார்.

பழகி மலிந்துபோன பொருளைப் புதுவழியில் பயன்படுத்துவதே அவர் கொள்கை. 1989-இல் அவர் குழு படைத்த கையடக்க ஆட்டக் கருவியான கேம் பாய் அதன் விளைவு. திரையில் வண்ணமில்லை, ஒளியுமில்லை. சேகாவின் கேம் கியரோ வண்ணத்தோடும் வலிமையோடும் வந்தது. ஆயினும் அமெரிக்காவில் அதன் விலை 150 டாலர். கேம் பாய் 90 டாலர்தான். ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது கேம் கியர். கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணிக்கு மேலும் ஓடிற்று. வித்துராவின் மழையிரவில் மின்சாரம் போவதை அறிந்த நமக்கு இதன் அருமையைச் சொல்லவா வேண்டும்! டெட்ரிஸ் ஆட்டமும் துணை சேர்ந்தது. பின்வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

அவருடைய வெர்ச்சுவல் பாய் 1995-இல் படுதோல்வி கண்டது. மறு ஆண்டு விலகினார். பண்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வானை வடிவமைத்து, தம் கேம் பாயுடனேயே போட்டிக்கு இறங்கினார். 1997 அக்டோபர் 4-ஆம் நாள் சாலை விபத்தில் மாண்டார். வொண்டர்ஸ்வான் 1999-இல் கடைக்கு வந்தது. அதற்கு ஒரே ஒரு பேட்டரி போதும்.