வீடு வீடாகப் போன டாக்டர்

சிவில் படிக்கும் நாங்கள் சர்வே பாடத்தில் எத்தனையோ வரைபடம் போடுகிறோம். ரோடு, கட்டடம், கிணறு எல்லாம் குறிக்கிறோம். ஒரு வரைபடம் மனித உயிரைக் காப்பாற்றும் என்று ஜான் ஸ்நோவைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இவர் 1813 மார்ச் 15-ஆம் தேதி இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். இதைப் படித்ததுமே எனக்கு இவர் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. எங்க வீட்டிலும் படிக்க வந்த முதல் ஆள் நான்தான்! 14 வயதில் நியூகாசிலில் ஒரு டாக்டரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 18 வயதில், அதாவது நம் வயதில், சுரங்கத் தொழிலாளிகள் காலராவில் சாவதை நேரில் பார்த்தார். பிறகு லண்டன் போய்ப் படித்து 1844-இல் எம்.டி. ஆனார். மயக்க மருந்து கொடுப்பதில் பெயர் பெற்று, 1853-இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கே குளோரோபார்ம் கொடுத்தார்.

ஆனாலும் அவர் மனசு காலராவிலேயே இருந்தது. கெட்ட காற்றால்தான் அது பரவுகிறது என்று பெரிய டாக்டர்கள் பலர் நம்பிய காலம் அது. தண்ணீரில் பரவுகிறது என்று 1849-இலேயே இவர் எழுதினார். பெரும்பாலானோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்நோ வீடு வீடாகப் போனார். எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று விசாரித்தார். சாவு விழுந்த வீடுகள் பெரும்பாலும் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றியே இருந்தன.

அதோடு விட்டாரா? சாகாதவர்கள் ஏன் சாகவில்லை என்றும் கேட்டார்! பக்கத்து ஏழைகள் விடுதியில் 535 பேர்; இறந்தது 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பீர் தொழிற்சாலையில் ஒருத்தர்கூட காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். பம்புப் பக்கமே போகவில்லை. ஆனால் மைல் கணக்கில் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு அம்மா இறந்தார். ருசிக்காக அந்த பம்புத் தண்ணீரையே வரவழைத்துக் குடித்தவர் அவர். முடிச்சு அவிழ்ந்தது!

செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. உண்மையைச் சொல்லணும்னா, அதற்குள் நோய் குறையத் தொடங்கியிருந்தது. நிறையப் பேர் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். ஸ்நோ சொன்னதை நம்பாமல் விசாரிக்கப் போன ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், கடைசியில் அதற்கே சாட்சியானார். 40-ஆம் எண் வீட்டில் பேதி கண்ட ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீர் மலக்குழியில் விழுந்தது. குழியிலிருந்து கிணற்றுக்குக் கசிந்தது. சாவுகளை ஒவ்வொரு கோடாகக் குறித்த வரைபடத்தை ஸ்நோ 1855-இல் புத்தகத்தில் வெளியிட்டார். 1858 ஜூன் 16-இல், 45 வயதில் காலமானார். காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தது 1884-இல். அதைப் பார்க்க ஸ்நோ இல்லை.

ஸ்நோ காலத்தில் காலராவுக்குச் சரியான மருந்து கிடையாது. நோய் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வைத்தியம். பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, நமக்கும் தைரியம் வந்தது. நானே லேசான காய்ச்சலுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டவன்தான். இப்படிக் கண்டபடி சாப்பிடச் சாப்பிட, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. முதலில் ஆஸ்பத்திரி நோயாளியிடம் தெரிந்த என்.டி.எம்-1 என்ற மரபணு, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளையே வீணாக்கிவிடும். 2010-இல் டெல்லியில் அதைத் தேடி, ஸ்நோ மாதிரியே இடம் இடமாகத் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். தெருவில் தேங்கிய, கசிந்த தண்ணீர் 171 மாதிரிகளில் 51-இல் இருந்தது. குழாய்த் தண்ணீர் 50-இல் 2-இல் இருந்தது. காலராக் கிருமிக்குள்ளும் அது புகுந்திருந்தது!

மருந்து கைவிட்டால் மறுபடியும் ஸ்நோவின் வழிதான். நண்பர்களே, நாளைக்குக் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பதிக்கப் போவது நாம்தான். ஒரு கசிவு என்ன செய்யும் என்பதை பிராட் தெரு காட்டிவிட்டது. அதை மறக்காமல் வேலை செய்வோம்.