சீனி வாங்கப் போன கொலம்பஸ்

கொலம்பஸ் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த 1492ஆம் ஆண்டும் மூன்று கப்பல்களுந்தான் நினைவுக்கு வரும். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கோடைகாலத்தில், அவர் போர்த்துக்கேயத் தீவொன்றுக்குச் சீனி வாங்கும் முகவராக வேலைக்குப் போனார். அது அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்தவற்றின் தொடக்கத்தை அங்கேயும் தேடலாம்.

1451இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளவயதிலேயே வணிகக் கப்பல்களில் ஏறினார். 1476இல் போர்த்துக்கலின் தென்கரைக்கு அப்பால் நடந்த கடற்சண்டையில் அவர் சென்ற கப்பல் மூழ்கியது. துடுப்பொன்றைப் பற்றிக்கொண்டு நீந்திக் கரைசேர்ந்தார் என்கிறது அவருடைய மகன் எழுதிய வரலாறு. பின்னர் லிஸ்பன் சென்றார். அங்கே ஜெனோவாக்காரர்கள் ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு வேலை கொடுத்ததும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

1478 ஜூலையில் பாவோலோ டி நெக்ரோ என்ற வணிகர் அவரை மடெய்ராத் தீவுக்கு அனுப்பினார். சென்தூரியோனே என்ற ஜெனோவா வணிகருக்காக 2,400 அரோபா சீனி வாங்கவேண்டும். ஒரு அரோபா ஏறத்தாழ 15 கிலோ. அப்படியென்றால் ஏறத்தாழ 35 தொன் சீனி. ஆனால் கையில் கொடுத்தனுப்பிய பணம் போதவில்லை. மீதிப் பணமும் சொன்னபடி வந்துசேரவில்லை. தீவின் வியாபாரிகள் கடனுக்குச் சீனி கொடுக்கத் தயாராக இல்லை. ஏற்றவந்த கப்பல் குறைந்த சரக்குடன் போனது. முதலாளிகளின் சண்டைக்கு நடுவே மாட்டுப்பட்டவர், இடையில் நின்ற 27 வயது முகவர்.

அவர் போன தீவு எப்படிப்பட்டது? போர்த்துக்கேயர் குடியேறிய 1420 வரை மடெய்ராவில் மனிதர் எவரும் வாழவில்லை. அந்தப் பெயருக்கே மரம் என்றுதான் பொருள். அடர்ந்த காட்டை வெட்டியும் எரித்தும் நிலமாக்கினார்கள். மலைச்சரிவுகளில் லெவாடா எனப்படும் வாய்க்கால்களை வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். கரும்பு நட்டார்கள். அந்த வேலைகளுக்குக் கனேரித் தீவுகளின் பூர்வகுடிகளும் ஆபிரிக்கர்களும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். நிலம் போர்த்துக்கேயருடையது, முதலின் ஒரு பகுதி இத்தாலியருடையது, உழைப்பில் ஒரு பங்கு அடிமைகளுடையது. சீனியோ ஐரோப்பியச் சந்தைகளுக்குப் போனது. கொலம்பஸ் கண்முன்னே கண்ட ஏற்பாடு இதுதான்.

1479 அளவில் அவர் ஃபிலிப்பா மொனிஸைத் திருமணம் செய்தார். மடெய்ராவுக்கு அருகிலுள்ள போர்த்தோ சாந்தோத் தீவின் முன்னாள் ஆளுநரின் மகள் அவர். இருவரும் அந்தத் தீவில் சில காலம் வாழ்ந்ததாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. தியேகோ என்ற மகன் பிறந்தான். ஃபிலிப்பா இளவயதிலேயே இறந்துபோனார். 1485இல் கொலம்பஸ் மகனோடு ஸ்பெயினுக்குப் போனார்.

1493இல் இரண்டாவது பயணம். 17 கப்பல்கள். கனேரித் தீவுகளில் ஏற்றிய கரும்பை அவர் கரிபியனின் ஹிஸ்பானியோலாத் தீவுக்குக் கொண்டுசென்றார். மடெய்ராவில் முன்னர் மனிதர் இருந்ததில்லை. ஆனால் ஹிஸ்பானியோலா தைனோ மக்களின் தாய்நிலம். 14 வயதைக் கடந்தவர்கள் தங்கம் அல்லது பஞ்சு வரியாகக் கட்டவேண்டும் என்று கட்டளையிட்டார். 1495இல் சுமார் 550 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றி ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 200 பேர் வழியிலேயே இறந்தார்கள், உடல்கள் கடலில் எறியப்பட்டன. அவர் இறந்த பின்னர் அங்கே சீனி ஆலைகள் எழுந்தன. அவற்றில் உழைக்க ஆபிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

1498 ஜூனில், மூன்றாவது பயணத்தின்போது, கொலம்பஸ் மீண்டும் மடெய்ராவில் இறங்கினார். ஒருகாலத்தில் பணம் வராமல் காத்திருந்தவர், இப்போது கடற்படைத் தலைவர். இரண்டு ஆண்டுகளில் ஆட்சி முறைகேடுகளுக்காகக் கைதாகி, விலங்குடன் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். 1506 மே 20இல் வல்லதோலித் நகரில் இறந்தார்.

அந்நிய மண்ணில் ஏமாற்றப்பட்டு நிற்பதன் வலி அவருக்குத் தெரிந்திருக்கும். அது அவரை மற்றவர்மேல் இரக்கமுள்ளவராக்கவில்லை. பட்ட துன்பம் தானாகவே ஒருவரை நீதிமானாக்கிவிடாது.

அந்தக் கோடையைப் பற்றி இன்று நாம் அறிவது ஒரு சாட்சியப் பத்திரத்தால். 1479 ஆகஸ்ட் 25இல் ஜெனோவாவில் நொத்தாரிசு முன் அவர் அளித்தது. 1904இல் அது வெளியிடப்பட்டது. வணிகர்களின் பெயர்களும் சீனியின் அளவும் முகவரின் வயதும், மறுநாள் காலை அவர் லிஸ்பன் புறப்படவிருந்ததும்கூட அதில் உள்ளன. வணிகர்களுக்குள் வழக்கு வந்ததால் பதிவு மிஞ்சியது. அந்தச் சீனிக்காகக் கரும்பு வெட்டியவர்கள் பக்கத்தில் வழக்கும் இல்லை, நொத்தாரிசும் இல்லை. அவர்களுடைய ஒரு பெயர்கூட அந்தத் தாளில் இல்லை.