களை விதையின் ஆயுளைக் கண்டறியப் புட்டி புதைத்த வில்லியம் பீல்

எத்தனை முறை களையெடுத்தாலும் அடுத்த பட்டத்தில் மீண்டும் முளைக்கிறதே, இதற்கு முடிவே இல்லையா என்று விவசாயிகள் கேட்பதுண்டு. களைக்கொல்லி இல்லாத காலத்தில், கொத்தும் உழவுமே துணையாக இருந்த அமெரிக்க விவசாயிகளுக்கும் இதே கவலைதான். அதற்கு விடை தேடியவர் தாவரவியல் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் பீல்.

1833-ல் மிச்சிகன் மாநிலத்தில் அட்ரியன் என்ற ஊரில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் படித்துவிட்டு, 1870-ல் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். 1873-ல் அங்கே தாவரவியல் தோட்டம் அமைத்தார். இரண்டு மக்காச்சோள ரகங்களை ஒட்டுச் சேர்த்தால் மகசூல் கூடும் என்பதை வயலில் செய்து காட்டியவரும் இவரே.

1879-ல் 20 கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டார். 20-க்கும் மேற்பட்ட செடிகளில் வகைக்கு 50 விதைகள் எண்ணி, ஈர மணலில் கலந்து ஒவ்வொரு புட்டியிலும் நிரப்பினார். தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மூடாமல், சுமார் 20 அங்குல ஆழத்தில் புதைத்தார். 5 ஆண்டுக்கு ஒரு புட்டியைத் தோண்டி முளைப்புப் பார்ப்பது திட்டம். 1910-ல் ஓய்வு பெற்றபோது பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். 1924-ல், 91-ஆம் வயதில் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் இடைவெளியை 10 ஆண்டாகவும், பின்னர் 20 ஆண்டாகவும் நீட்டித்தனர். சில வகை விதைகள் முதல் 5 ஆண்டுக்குள்ளேயே முளைப்புத்திறனை இழந்துவிட்டன. ஆனால் வெர்பாஸ்கம் என்ற களையின் விதைகள், 142 ஆண்டுகள் கழித்து 2021-ல் தோண்டியபோதும் முளைத்தன. இன்னும் 4 புட்டிகள் மண்ணுக்குள் இருக்கின்றன. கடைசிப் புட்டியை 2100-ல் எடுப்பார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? ஆழத்தில், வெளிச்சம் படாமல், கிளறப்படாமல் கிடக்கும் களை விதை நீண்ட நாள் உறங்கும். ஆழ உழவு புதிய விதையைக் கீழே தள்ளுகிறது. மறுமுறை ஆழமாக உழும்போது பழைய விதையை மேலே கொண்டு வருகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டதும் அது விழித்துக்கொள்ளும். மேல்மண்ணில் கிடக்கும் விதையோ முளைத்தோ, எறும்புக்கும் பறவைக்கும் இரையாகியோ விரைவில் தீரும்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

• களைகள் பூத்து விதை பிடிக்கும் முன்பே அகற்றுங்கள்.

• விதைப்புக்கு முன் தண்ணீர் விட்டு, களைகளை முளைக்கவிட்டு, மேலாக உழுது அழியுங்கள்.

• களை விதை நிறைய உதிர்ந்த வயலை ஒருமுறை ஆழமாகப் புரட்டினால், அடுத்த சில ஆண்டுகள் மேலுழவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டம் அசட்டையாக விட்ட களை, பிள்ளைகள் காலத்திலும் முளைக்கலாம். பீலின் புட்டிகள் நமக்குச் சொல்வது இதைத்தான்.