எழுதுகோலும் பதவியும்: ஹொரேஸ் கிரீலியின் வாழ்க்கை

அமெரிக்க நாட்டின் இதழியல் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர், பத்திரிகை அலுவலகத்திலிருந்து அரசியல் மேடைக்குச் சென்ற பலரை அங்கே காண்பர். ஒகையோ மாநிலத்து மேரியன் நகரில் நாளேடு நடத்திய வாரன் ஹார்டிங், 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவராகவே உயர்ந்தார். எனினும் நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது வென்றவரின் வரலாற்றை அன்று, தோற்றவரின் வரலாற்றையே. நியூயார்க் டிரிபியூன் என்னும் நாளேட்டை நிறுவி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராக வீற்றிருந்து, இறுதியில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வீழ்ந்த ஹொரேஸ் கிரீலியே அவர். எழுதுகோலின் ஆற்றல் யாது, அதன் எல்லை யாது என்னும் இரு வினாக்களுக்கும் அவருடைய வாழ்க்கை விடை கூறுகின்றது.

வறுமையில் பூத்த அறிவு

கிரீலி 1811ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆம்கர்ஸ்ட் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையில் பிறந்தார். தந்தையார் ஏழை உழவர். நான்கு வயது நிரம்புமுன்பே சிறுவன் நூல்களைப் படிக்கக் கற்றுக்கொண்டான். அவனது அறிவுக் கூர்மையைக் கண்ட ஊர்ப் பெரியவர்கள், தங்கள் செலவில் அவனை உயர்ந்த பள்ளிக்கு அனுப்ப முன்வந்தனர். பிறர் பொருளில் மகனைப் படிக்கவைக்கப் பெற்றோரின் தன்மானம் இடந்தரவில்லை. பின்னர்க் கடன் சுமையால் நிலம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் 1821இல் வெர்மான்ட் மாநிலத்திற்குப் புலம்பெயர்ந்தது.

கல்லூரி வாயிலை மிதியாத அந்த இளைஞருக்கு அச்சுக்கூடமே கல்லூரியாயிற்று. 1826இல், தம் பதினைந்தாம் வயதில், ஈஸ்ட் பௌல்ட்னி என்னும் ஊரில் வெளிவந்த ஒரு சிறு பத்திரிகையில் தொழில் பழகுபவராகச் சேர்ந்தார். பகலில் எழுத்துக் கோத்தார். ஓய்ந்த வேளையில் ஊர் நூலகத்தில் இருந்தவற்றையெல்லாம் படித்தார். 1830இல் அப்பத்திரிகை நின்றுபோகவே, மறு ஆண்டு ஆகஸ்டில், சில டாலர்களை மட்டும் கையிருப்பாகக் கொண்டு, அறிமுகமானோர் எவருமில்லாத நியூயார்க் மாநகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

டிரிபியூன் தோன்றிய கதை

அச்சுக்கோப்பவராகச் சில ஆண்டுகள் உழைத்தபின், 1834இல் நியூயார்க்கர் என்னும் வார இதழைத் தொடங்கினார். இலக்கியத் தரத்தால் அது புகழ் ஈட்டியதே தவிரப் பொருள் ஈட்டவில்லை. 1840ஆம் ஆண்டுத் தேர்தலில், விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹாரிசனுக்காக அவர் நடத்திய பிரசாரப் பத்திரிகையோ பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. வெற்றி பெற்ற ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் மறைந்தார். அவருக்காக நியூயார்க்கில் இரங்கல் ஊர்வலம் நடந்த 1841 ஏப்ரல் 10ஆம் நாளன்றே டிரிபியூன் நாளேட்டின் முதல் இதழ் வெளிவந்தது. விலை ஒரு சென்ட்.

மலிவு விலை ஏடுகள் அந்நகரில் முன்னமே இருந்தன. அவை கொலையையும் கொள்ளையையும் காட்டி வாசகரை ஈர்த்தன. அதே விலையில் அறிவார்ந்த செய்திகளையும் தர இயலும் என்று கிரீலி மெய்ப்பித்தார். மார்கரெட் ஃபுல்லர் என்னும் அறிஞரை 1844இல் இலக்கியத் திறனாய்வு எழுத அமர்த்தினார். பெண்டிர் பத்திரிகைப் பணியில் அரிதாயிருந்த காலம் அது. இலண்டனில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த காரல் மார்க்சின் கட்டுரைகள் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்வேட்டில் வெளிவந்தன. டிரிபியூனின் வாரப் பதிப்பு நகரம் கடந்து, மேற்கே புதிதாகக் குடியேறிய உழவர்களின் இல்லங்கள்வரை சென்றது. அடிமை முறையை எதிர்த்தும், நிலமற்றோர்க்கு நிலம் வேண்டியும், தொழிலாளர் நலன் கருதியும் கிரீலி தீட்டிய தலையங்கங்களை ஊர்கூடிப் படித்தனர். 1850இல் நியூயார்க் அச்சுத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, முதலாளியான அவரையே தங்கள் முதல் தலைவராகத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தனர் எனின், அவர்பால் அவர்கள் கொண்டிருந்த மதிப்பை நாம் உணரலாம்.

பதவி வேட்கை

இத்துணைப் பெருமை பெற்ற ஒருவருக்கு வேறென்ன வேண்டும் என்று நமக்குத் தோன்றும். கிரீலியின் உள்ளத்திலோ ஓர் ஏக்கம் இருந்தது. மக்களாட்சியில் பதவி என்பது மக்கள் தரும் மதிப்பின் அடையாளம் என்று அவர் எண்ணினார். அது தமக்கு மட்டும் மறுக்கப்படுவதாக வருந்தினார்.

ஒருமுறை அவ்வாய்ப்புக் கிட்டியது. 1848 டிசம்பர் தொடங்கி மூன்றே மாதங்கள், காலியாயிருந்த ஓர் இடத்தை நிரப்பி, பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். அங்கும் அவருள் இருந்த பத்திரிகையாளர் உறங்கவில்லை. உறுப்பினர்கள் ஊரிலிருந்து தலைநகர் வந்து செல்வதற்கு மைல் கணக்கில் படி பெற்றனர். சுற்றுவழியைக் கணக்கிட்டுப் பலர் மிகுதியாகப் பெறுவதைக் கண்ட கிரீலி, யார் எவ்வளவு கூடுதலாகப் பெற்றார் என்னும் பட்டியலைப் பெயரோடு தம் ஏட்டில் வெளியிட்டார். அன்று இல்லினாய்ஸ் மாநிலத்து உறுப்பினராயிருந்த ஆபிரகாம் இலிங்கனின் பெயரும் அதில் இடம்பெற்றது. அவை கொதித்தெழுந்தது. கிரீலி அவைக்கு வேண்டாதவரானார். வாசகருக்கோ இன்னும் வேண்டியவரானார். அவர் அப்போது கொண்டுவந்த குடியேற்ற நில மசோதா நிறைவேறவில்லை. எனினும் அந்நோக்கத்திற்காக அவர் விடாது எழுதிவர, 1862இல் அது சட்டமாக மலர்ந்தது. மூன்று மாதப் பதவி செய்யாததைப் பல்லாண்டு எழுத்து செய்யத் துணைநின்றது.

நியூயார்க் அரசியலில் வில்லியம் சீவர்டு, தர்லோ வீடு ஆகியோர் அவருடைய நெடுநாள் தோழர்கள். 1854இல் ஆளுநர் பதவிக்கு நிற்க கிரீலி விரும்பினார், வீடு இசையவில்லை. துணை ஆளுநர் இடமோ, முன்பு கிரீலியிடம் உதவியாளராயிருந்து, பின்பு நியூயார்க் டைம்ஸ் ஏட்டைத் தோற்றுவித்த ஹென்றி ரேமண்டுக்குச் சென்றது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்தாற்போலாயிற்று. கூட்டு முறிந்ததாக கிரீலி சீவர்டுக்குத் தனி மடல் எழுதினார். ஆறாண்டுகள் கழித்து, 1860இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், சீவர்டு வேட்பாளராவதைத் தடுக்க முனைந்து நின்றவர்களுள் அவரும் ஒருவர். அம்மாநாடு இலிங்கனைத் தேர்ந்தது. மறு ஆண்டு மேலவை இடத்திற்கு முயன்ற கிரீலிக்கு அதுவும் கிட்டவில்லை.

போரும் மன்னிப்பும்

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. படை உடனே தென்னகத் தலைநகராம் ரிச்மண்டை நோக்கிச் செல்ல வேண்டும் என்று டிரிபியூன் நாள்தோறும் முழங்கியது. பயிற்சி நிரம்பாத படை ஜூலை மாதம் புல் ரன் என்னுமிடத்தில் தோற்று ஓடியது. பழி டிரிபியூன் மீது விழுந்தது. கிரீலி மனமுடைந்து நோயுற்றார். எழுத்துக்கு உயிர்களின் விலையும் உண்டு என்பதை அவர் அன்று உணர்ந்திருப்பார்.

மறு ஆண்டு ஆகஸ்டில், அடிமைகளை விடுவிக்கத் தயங்குவதேன் என்று இலிங்கனை வினவி, இரண்டு கோடி மக்களின் வேண்டுகோளாகத் தம் ஏட்டில் பகிரங்க மடல் வரைந்தார். நாட்டின் தலைவரே அதற்கு எழுத்து வடிவில் மறுமொழி தந்தார். எப்பதவியும் இல்லாத ஓர் ஆசிரியர்க்குக் கிட்டிய பெருமை இது.

1865இல் போர் முடிந்தது. தென்னகத் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் விசாரணையின்றி இரண்டாண்டுகள் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். பகைவரேயாயினும் ஒருவரை விசாரியாமல் அடைத்துவைப்பது முறையன்று என்று கருதிய கிரீலி, 1867 மே மாதம் ரிச்மண்டுக்கே சென்று, ஒரு இலட்சம் டாலர் பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டோருள் ஒருவரானார். வடபுலம் வெகுண்டது. வாரப் பதிப்பின் சந்தாதாரர் பல்லாயிரவர் விலகினர். நன்கு விற்றுக்கொண்டிருந்த அவருடைய போர் வரலாற்று நூலை வாங்குவாரில்லை. அவர் உறுப்பினராயிருந்த மன்றமே விளக்கம் கேட்டது, அவரோ பணியவில்லை. அடிமை முறையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், அம்முறையைக் காக்கப் போரிட்டவருக்காகத் தம் செல்வாக்கை இழந்து நின்ற அந்நாளே அவர் வாழ்வின் உச்சம் என்பது நம் கருத்து.

இறுதிப் போட்டி

1869இல் மாநிலக் கணக்குத் தலைவர் பதவிக்கும், 1870இல் பிரதிநிதிகள் சபைக்கும் நின்று தோற்ற கிரீலியை, 1872ஆம் ஆண்டு பெரும் களம் ஒன்று அழைத்தது. குடியரசுத் தலைவர் கிராண்டின் ஆட்சியில் மலிந்த ஊழலை வெறுத்தோர், குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்து சின்சினாட்டியில் கூடி, கிரீலியை வேட்பாளராக்கினர். முப்பது ஆண்டுகளாக அவர் எழுத்தால் வசைபாடிய ஜனநாயகக் கட்சியும், வேறு வழியின்றி அவரையே ஏற்றது. பழைய தலையங்கங்கள் அவருக்கே எதிர்ச் சான்றுகளாயின. கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் வாரந்தோறும் அவரை எள்ளி நகையாடினார்.

வடக்கும் தெற்கும் பகை மறந்து கைகோக்க வேண்டும் என்று கிரீலி ஊர் ஊராய்ப் பேசினார். எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தென்னகத்தில் வன்முறைக்கு ஆளாகிக்கொண்டிருந்த வேளையில், அந்த இணக்கம் தங்களைக் கைவிடுவதாகுமோ என்று அவர்கள் அஞ்சினர். கறுப்பின மக்களின் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் கிராண்டையே ஆதரித்தார். பகைவரை மன்னிப்பதற்கும், பகைவர் கையில் எளியோரை விட்டுவிடுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு நுண்ணியது என்பதை நாம் இங்கு மறத்தலாகாது.

பிரசாரத்தின் இறுதியில் மனைவி மேரி நோய் முற்றி, அக்டோபர் 30ஆம் நாள் உயிர் நீத்தார். ஆறு நாள் கழித்து, நவம்பர் 5இல் தேர்தல் நடந்தது. கிராண்ட் ஏறத்தாழ 36 இலட்சம் வாக்குகளும், கிரீலி ஏறத்தாழ 28 இலட்சம் வாக்குகளும் பெற்றனர். 37 மாநிலங்களுள் ஆறே கிரீலிக்குக் கிட்டின. பெற்ற பிள்ளைகள் எழுவருள் எஞ்சியோர் புதல்வியர் இருவரே. மனைவியையும் தேர்தலையும் ஒருசேர இழந்தவர் ஆறுதல் தேடித் தம் ஆசிரியர் இருக்கைக்குத் திரும்பினார். அங்கும் அதிர்ச்சியே காத்திருந்தது. தம் கருத்துக்கு மாறாக வெளிவந்த ஒரு கட்டுரைக்கு அவர் எழுதிய மறுப்பு, அவரே நிறுவிய ஏட்டில் அச்சேறவில்லை. நிறுவனப் பங்குகளில் அவரிடம் எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. அதிகாரம் பிறர் கைக்கு மாறியிருந்தது. சித்தம் கலங்கிய நிலையில், 1872 நவம்பர் 29ஆம் நாள் கிரீலி மறைந்தார். தேர்வாளர் குழு வாக்களிக்கும் முன்பே அவர் இறந்ததால், அவருக்குரிய வாக்குகளுட் பெரும்பாலானவை வேறு பலருக்குச் சிதறின. இறுதிச் சடங்கில் அவரை வென்ற கிராண்டே வந்து மரியாதை செலுத்தினார்.

நாம் கொள்ளும் பாடம்

அத்தேர்தலில் கிரீலிக்காக மிசௌரி மாநிலத்தில் உழைத்த இளைஞர்களுள் ஒருவர் ஜோசப் புலிட்சர். பின்னாளில் அவரும் புகழ்பெற்ற பத்திரிகை அதிபரானார். 1884இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 1886இலேயே பதவியைத் துறந்து, தம் நாளேட்டுப் பணிக்குத் திரும்பினார். கிரீலி இறுதிவரை உணராத ஒன்றை அவர் விரைவில் உணர்ந்தார் போலும்.

பத்திரிகையாளர் அரசியலில் புகலாகாது என்று நாம் கூற வரவில்லை. நாட்டு நலனில் அக்கறை கொண்டோர் அனைவர்க்கும் அவ்வுரிமை உண்டு. ஆயினும் கிரீலி தமக்கென எதையும் நாடாது எழுதியபோது நாடு செவிசாய்த்தது. தமக்கென ஒன்றை நாடி நின்றபோது, அவர் சொன்ன நல்லுரையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. பிணைப் பத்திரத்தில் இட்ட கையெழுத்தால் அவர் அனைத்தையும் இழந்தார். எனினும் இன்று நம் நெஞ்சில் அவரை உயர்த்தி நிறுத்துவது அந்தக் கையெழுத்தே. எழுதுகோலைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பார்களாக!