தாமஸ் மாலரி

சர் தாமஸ் மாலரி (ஏறத்தாழ 1415 – மார்ச் 14, 1471) 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆவார். ஆர்தர் மன்னனையும் அவனது வட்ட மேசை வீரர்களையும் பற்றிய கதைகளைத் தொகுத்து இவர் எழுதிய லே மோர்ட் டார்தர் (ஆர்தரின் மரணம்) என்னும் நூல், ஆங்கில உரைநடை இலக்கியத்தின் தொடக்ககாலப் பெரும் படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கை

மாலரி என்ற பெயரில் அக்காலத்தில் பலர் வாழ்ந்துள்ளனர். எனினும், வார்விக்ஷயரின் நியூபோல்ட் ரெவல் என்னும் ஊரைச் சேர்ந்த வீரரே நூலாசிரியர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்தாகும். இவர் 1445இல் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1451 முதல் கொலை முயற்சி, கொள்ளை, பாலியல் வன்முறை முதலிய குற்றச்சாட்டுகள் இவர்மீது சுமத்தப்பட்டன. ஒருமுறை அகழியை நீந்திக் கடந்து காவலிலிருந்து தப்பினார். பின்னர் பல ஆண்டுகள் இலண்டன் சிறைகளில் இருந்தபோதும், வழக்கு விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்படவே இல்லை. 1462இல் மன்னிப்புப் பெற்றார். ஆயினும் 1468இல் நான்காம் எட்வர்ட் வழங்கிய பொதுமன்னிப்பில் இவருக்கு இடமளிக்கப்படவில்லை. நூல் 1469–70இல் நிறைவுற்றது. அதன் இறுதியில் தமது விடுதலைக்காக இறைவனை வேண்டுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறார்.

எழுத்து உத்திகள்

மாலரியின் முதன்மை மூலங்கள் பிரெஞ்சு உரைநடைக் காவியங்கள் ஆகும். அவற்றில் ஒரு வீரனின் கதை பாதியில் நிற்க, மற்றொருவனின் கதை தொடங்கும். பல கதைகள் இவ்வாறு பின்னிச் செல்லும். மாலரி இப்பின்னலைப் பிரித்துத் தொடர்ச்சியான தனிக்கதைகளாக அமைத்தார். நீண்ட சமய விளக்கங்களைச் சுருக்கினார். சிறிய வாக்கியங்களை அடுக்கிச் செல்வதும், மாந்தரின் மனநிலையை விளக்காமல் செயலாலும் உரையாடலாலும் உணர்த்துவதும் இவரது நடையின் இயல்புகள்.

முன்னுணர்த்தல் மற்றொரு முக்கிய உத்தியாகும். ஆர்தரின் அழிவை மெர்லின் தொடக்கத்திலேயே கூறிவிடுவதால், பின்வரும் வெற்றிகள் அனைத்தின்மீதும் அம்முடிவின் நிழல் படிகிறது. காரெத்தின் கதைக்கு அறியப்பட்ட நேரடி மூலம் எதுவும் இல்லை. அதில் காரெத்துக்கு வீரப்பட்டம் அளிப்பவன் லான்சலாட். பின்னர் அரசி குவினிவியரை மீட்கும் சண்டையில், ஆயுதமின்றி நின்ற காரெத்தை அடையாளம் தெரியாமல் அவனே கொன்றுவிடுகிறான். காரெத்தின் அண்ணன் கவைன் பழிவாங்கத் துணிய, வட்ட மேசை உடைகிறது. பகைவரின் வலிமையைவிட, அன்புக்கும் கடமைக்கும் இடையிலான முரணே பேரழிவுக்குக் காரணமாகிறது.

பதிப்பும் தாக்கமும்

வில்லியம் காக்ஸ்டன் இந்நூலை 21 பகுதிகளாகப் பிரித்து 1485இல் அச்சிட்டார். 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் வால்டர் ஓக்‌ஷாட் கண்டறிந்த கையெழுத்துப்படி, காக்ஸ்டன் செய்த மாற்றங்களை வெளிப்படுத்தியது. அதன் அடிப்படையில் யூஜின் வினாவர் 1947இல் புதிய பதிப்பை வெளியிட்டார். இது ஒரே நூலா, தனித்தனிக் கதைகளின் தொகுப்பா என்ற விவாதம் அதன்பின் வலுப்பெற்றது. டென்னிசனின் ஆர்தர் கவிதைகளுக்கும், டி. எச். வைட் எழுதிய புதினங்களுக்கும் மாலரியின் நூலே முதன்மை மூலமாக அமைந்தது.