அறியாமை உணர்ந்த பெரியார்

கல்வி பெருகுந்தோறும் செருக்கும் உடன் பெருகுதல் உலகியல்பு. தெரியாததைத் தெரியாதென்று கூற நாணி, தெரிந்தார்போல் ஒழுகுவோர் பலர். தம் குறையைத் தாமே கண்டு திருந்தியமையால் உயர்ந்த ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

1855-ஆம் ஆண்டில் தோன்றிய ஐயரவர்களின் இளமைப் பருவத்திற் பெரும்பகுதி நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களிலேயே கழிந்தது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். அன்பர்களின் ஆதரவை நாடி ஊர்தோறும் குடியேறி வாழ்ந்தவர். ஐயரவர்கள் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ்ச் சுவை உணர்ந்து, குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு, பின்னர்ச் செங்குணத்தில் நம் மரபினராகிய விருத்தாசல ரெட்டியாரை அடைந்தனர். ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையை அன்புடன் கற்பித்தார். கற்பித்தபின், மேலும் கற்கத் தம்மை ஒத்தார் போதாரென்றும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமே செல்ல வேண்டுமென்றும் தாமே கூறினார். நல்ல மாணாக்கரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளக் கருதாது, தம் எல்லையைத் தாமே ஒப்புக்கொண்ட அப்பெருந்தகைமையே நாம் பெருமை கொள்ளத் தக்கது.

1871-இல் பிள்ளையவர்களைச் சார்ந்த ஐயரவர்கள், 1876-இல் அவர் மறையுமளவும் உடனிருந்து கற்றனர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினர். அவ்வாண்டிலேயே அரியலூரிலிருந்து மாற்றம் பெற்றுக் கும்பகோணம் வந்த முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரை அக்டோபர் 21-ஆம் நாள் கண்டனர். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, புராணம் முதலியவற்றை வரிசையாக எடுத்துரைத்தனர். முதலியார் வியந்திலர், சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவினர். அவற்றைக் கண்டதில்லையெனினும், கிடைப்பின் பொருள் காணும் துணிவு தமக்குண்டென ஐயரவர்கள் விடையிறுத்தனர்.

நூல் கைக்கு வந்தது, துணிவு தளர்ந்தது. நடை வேறு, சமயம் வேறு, சைன சமயச் செய்திகள் விளங்கவில்லை. கல்லூரி ஆசிரியரென்னும் பெயரை எண்ணி அவர் அதனை மறைத்திருக்கலாம். அங்ஙனம் செய்திலர். கும்பகோணத்துச் சைனர்களின் இல்லங்களுக்குச் சென்று, பட்டம் பெறாத அவ்வன்பர்களிடம் மாணாக்கராய் அமர்ந்து ஐயங்களைக் கேட்டறிந்தனர். அதன் பயனாகவே 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. முதற்பதிப்போடு அமையாது, பின்னர்க் கிடைத்த ஏடுகளோடு ஒப்புநோக்கித் திருந்திய பதிப்புக்களையும் வெளியிட்டனர்.

1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. புகழின் உச்சியில் நின்ற அம்முதியவர், 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய தம் சரித்திரத்தில், முதலியார்முன் தாம் செருக்குற்றதையும் அது அடங்கியதையும் தாமே உலகறியக் கூறினர். எழுதாதிருப்பின் அதனை அறிவார் யாவர்? 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் ஐயரவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தனர்.

அன்பர்களே! தவறினேன் என்னும் ஒரு சொல்லைக் கூற நாணி, உடன்பிறந்தாரோடும் பல்லாண்டு பேசாதிருப்போர் நம்முள் இல்லையோ? சங்கக் கூட்டத்தில் தம் கருத்துப் பிழையென உணர்ந்த பின்னும் அதனையே சாதிப்போர் இல்லையோ? செங்குணத்து ரெட்டியார் தம் எல்லையைச் சொன்னதால் அவர் பெருமை குன்றவில்லை. தமிழுக்கு ஓர் ஐயர் கிடைத்தார். நம் இளைஞரும் முதியோரும் இதனைச் சிந்தித்து ஒழுகுவாராக என வேண்டுகின்றோம்.