அந்த வெள்ளைக் கொக்கு யாரு? பாட்டாலேயே பிரிட்டிஷாரைச் சீண்டிய மதுரகவி பாஸ்கரதாஸ்!

நாடக மேடையில் வெள்ளைக் கொக்கைப் பத்தி ஒரு பாட்டு. கொக்குன்னா வெள்ளைக்காரன்னு கூட்டத்துக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும்! விஸ்வநாததாஸ் பாடிப் புகழ்பெற்ற அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

1892-ல் பிறந்த இவரது இயற்பெயர் வெள்ளைச்சாமி. மதுரை வட்டார நாடகக் கலைஞர்களுக்குப் பாட்டு எழுதி, சொல்லியும் கொடுத்தார். அதனால்தான் புராண நாடகங்களின் நடுவே தேசபக்திப் பாட்டுகள் ஒலித்தன. அரசு இவரது பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்தது. ஆனா, பாட்டு நிக்கல. கிராமபோன் தட்டுகளில் ஊர் ஊராகப் பரவியது.

1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது. கதைக்குச் சம்பந்தமே இல்லாம அதிலும் காந்தியின் கைராட்டையைப் போற்றும் பாட்டு! எழுதியவர் இவரேதான்.

சுதந்திரத்தையும் பார்த்துவிட்டு, 1952-ல் மறைந்தார். பாடியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. தமிழ் சினிமாவின் முதல் பாடலாசிரியர் பேரு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?